அஞ்சலையம்மாளைப் பற்றி எழுதும் பேத்திக்கு

 

பள்ளிக்கூட ஆண்டு மலருக்கென்று கடலூர் அஞ்சலையம்மாளைக் குறித்து நீ எழுதியனுப்பிய கட்டுரை தபாலில் வந்து சேர்ந்தது, இருமுறை படித்தேன். நடை சுத்தமாயிருக்கிறது. ஆனால் காந்தியடிகள் சூட்டிய 'தென்னாட்டின் ஜான்சி ராணி' என்னும் பட்டத்தை முதல் வரியிலேயே எடுத்துக்கொண்டு, பக்கந்தோறும் அதையே முழக்கிப் போயிருக்கிறாயே ஒழிய, அந்த அம்மாளின் வீட்டுக்குள் ஒருதரமேனும் எட்டிப் பார்க்கவில்லை என்பதே என் குறை. ஜான்சி ராணிக்குக் கோட்டையும் சைனியமும் இருந்தன. 1890இல் கடலூர் முதுநகரில் எளிய குடும்பத்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன இவருக்கு இருந்தவையோ ஒரு வீடும், கொஞ்சம் நிலமும், ஒத்த மனமுள்ள புருஷருமே.

அந்தப் புருஷரான முருகப்பனின் பெயர் உன் கட்டுரையில் ஒரே ஒருமுறை, அதுவும் கல்யாணத்தைச் சொல்லும் வாக்கியத்தில் மட்டும் வருகிறது. பெண்ணொருத்தி மேடையேறிப் பேசுவதை நம் ஜனங்கள் கண்டு பழகாத 1921ஆம் வருஷத்திலே, மனைவி ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கினால் உற்றார் உறவினர் வாய் எப்படியெல்லாம் பேசும் என்பதை உன் பாட்டியைக் கேள், சொல்லுவாள். நிலத்தையும் வீட்டையும் விற்றுத் தேச காரியத்துக்குச் செலவிட்ட ஒரு குடும்பத்தின் தலைவரை அப்படி ஒரு வரியில் கடத்திவிடுவது நியாயமில்லை.

குழந்தைகள் சங்கதிக்கு வருகிறேன். சிப்பாய்க் கலகத்தை அடக்கும் சாக்கில் அலகாபாத்திலும் கான்பூரிலும் கொடுமை புரிந்த கர்னல் நீலின் சிலை சென்னை மவுண்ட் ரோட்டில் நின்றதல்லவா, அதை அகற்றக் கோரி 1927இல் எழுந்த கிளர்ச்சிக்கு அம்மாள் தம் ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு போனார். துணிந்து நின்ற அச்சிறுமிக்குக் காந்தியடிகள் லீலாவதி என்று பெயரிட்டு, வார்தாவுக்கு அழைத்துப்போய்ப் படிக்க வைத்தார். 'பெரும் பாக்கியம்' என்று எழுதி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாய். பாக்கியந்தான், ஆயினும் தமிழ் வழங்காத தேசத்துக்குச் சின்னஞ்சிறு பெண்ணை அனுப்பிவைத்த தாயாருக்கு அந்த ஒரு சொல் ஈடாகுமா என்று சற்று யோசி. அதற்காக அவர் கண்ணீர் பெருக்கினார் என்றும் ஜோடித்துவிடாதே. நீ அருகிலிருந்து பார்த்தாயா? பெண்ணை அனுப்பினார் என்று எழுது, மற்றதைப் படிக்கிறவர்கள் அறிவார்கள்.

பின்னொரு போராட்டத்துக்காக வேலூர்ச் சிறையில் அடைபட்டு, அவர் நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்தபொழுது பிரசவத்துக்கென்று மட்டும் வெளியே விட்டார்கள். பெற்றபின் பச்சிளம் சிசுவைத் தோளில் சார்த்திக்கொண்டு மீதித் தண்டனையை அனுபவிக்கத் திரும்பிப் போனார். அந்தப் பிள்ளைக்கு வைத்த பெயர் ஜெயில் வீரன். நாளடைவில் அது ஜெயவீரன் ஆயிற்று. இவ்வளவு பெரிய சம்பவத்துக்கு நீ கொடுத்திருப்பது இரண்டே வரி!

ஆனால் 1934இல் காந்தியடிகள் கடலூருக்கு வந்தபோது, அவரைச் சந்திக்கலாகாது என்று சர்க்கார் தடுத்ததையும், அம்மாள் பர்தா அணிந்து குதிரை வண்டியில் போய்ப் பார்த்ததையும் இரண்டு பக்கம் விஸ்தரித்திருக்கிறாய். சுவையான கதைதான், ஆனாலும் அரைப் பக்கம் போதும். மிச்ச இடத்தைத் தீர்த்தாம்பாளையத்துக்குக் கொடு. 1937இல் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், குடிநீருக்குத் தவித்த அவ்வூருக்கு வீராணம் ஏரியிலிருந்து கிளை வாய்க்கால் வரச் செய்தார். ஜனங்கள் அதை அஞ்சலை வாய்க்கால் என்றே அழைக்கிறார்கள். லீவு நாளில் உன் அப்பாவுடன் அங்கே போய், கரையோரத்துப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசு. அம்மாள் சிறையில் இருந்த காலத்தில் வீட்டில் உலை வைத்தவர் யார், பிள்ளைகளுக்குத் தலை வாரினவர் யார் என்று முதுநகரிலும் விசாரி. சிறைக்குப் போகாத அவர்களும் உன் கட்டுரையில் இடம்பெற வேண்டியவர்களே.

1961 பிப்ரவரி 20ஆம் தேதி அவர் காலமானார் என்பதோடு நிறுத்திக்கொள். அதன்கீழ் 'நாமும் அவரைப்போல்' என்று தொடங்கும் பத்தியை நான் அடித்துவிட்டேன். மலரின் ஆசிரியை கோபித்தால், தாத்தா செய்த காரியம் என்று சொல். திருத்திய பிரதியைத் தை பிறப்பதற்குள் அனுப்பு, எழுத்தைச் சற்றுப் பெரிதாகப் போடு.

இப்படிக்கு,
தாத்தா