நீர்நில ஊர்தியைத் திருப்பும் முறை

நிலத்திலும் நீரிலும் செல்லவல்ல ஊர்திகளுள், கனடா நாட்டு ஒண்டாரியோ மாகாணத்தில் 1967-ஆம் ஆண்டு தோன்றிய ஆர்கோ பெயர் பெற்றது. ஆறு அல்லது எட்டுச் சக்கரங்களையுடைய இத்தகைய ஊர்தி திரும்பும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

மோட்டார் காரின் முன்சக்கரங்களைப்போல இதன் சக்கரங்கள் திசை மாறுவதில்லை. வலமாகத் திரும்ப வேண்டின், வலப்பக்கச் சக்கரங்களைப் பிரேக்கினால் தடுத்தல் வேண்டும். அப்பொழுது யந்திரத்தின் விசை இடப்பக்கம் சென்று ஊர்தியைத் திருப்பும். ஒரு பக்கத்துத் துடுப்பை நிறுத்தினால் படகு அப்பக்கமே திரும்புவதை இது ஒக்கும். எனவே, திருப்பும் கருவியைச் செப்பஞ்செய்தலென்பது பிரேக்கைச் செப்பஞ்செய்தலேயாம்.

கம்பியாற் பிரேக்கை இழுக்கும் இரு கைக்கோல்களையுடைய வகையை எடுத்துக்கொள்வோம். முதலில், சமதரையில் யந்திரத்தை நிறுத்திக் கியரை விடுவித்து, சக்கரங்களை ஜாக்கியால் உயர்த்திக் கட்டை கொடுத்துத் தாங்கி, கையாற் சுழற்றிப் பார்த்தல் வேண்டும். கோலை இழாதபோது அவை தடையின்றிச் சுழல வேண்டும். இழுத்தபோது இருபக்கமும் ஒரே அளவிற் பிடித்தல் வேண்டும். பிடிப்புத் தாமதித்தால், பிரேக்குக் கட்டை தேய்ந்துளதா என்று முன்னர் நோக்குக. தேயவில்லையெனின், பூட்டு நட்டைத் தளர்த்திக் கம்பியைச் சிறிது சிறிதாக இறுக்கி, மீண்டும் பூட்டுக.

தளர்ச்சிக்கு அஞ்சி மிக இறுக்குதல் பிழை. பிரேக்கு ஓயாது உராய்ந்து சூடேறும். ஊர்தியும் ஒருபுறமே இழுக்கும்.

நீரில் டயரின் வரிகளே துடுப்பாம். ஆங்கும் திரும்புதற்குத் துணை இப்பிரேக்கே. காற்றும் ஓட்டமும் தள்ளும் நடுநீரிற் பழுதை அறிதலினும், கரையில் மெல்ல ஓட்டி இருபுறமும் திருப்பிச் சோதித்தல் நன்றன்றோ?