நீரைத் தடுக்கும் களிமண் அடுக்குகள்

தில்லியில் யமுனையின் கிழக்கே அமைந்த மயூர் விஹாரின் அடியில், ஆறு கொணர்ந்த மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காய்ப் படிந்துள்ளன.

களிமண்ணின் துளையிடம் நூற்றுக்கு 40 பங்குக்கு மேலும் இருக்கலாம்; பெரும்பாலும் மணலினும் மிகுதி. ஆயினும் அத்துளைகள் மிக நுண்ணியவை. எனவே, மணலில் எளிதிற் செல்லும் நீர் களிமண் அடுக்கைக் கடக்கப் பல ஆண்டுகள் ஆகலாம். மேற்பரப்புக் கழிவுநீர் ஆழ்நீரை அடையாது தாமதப்படுத்துவதும் இவ்வடுக்கே.

ஆழ்குழாய்க் கிணறு இவ்வடுக்கைத் துளைக்குமாயின், குழாயைச் சுற்றிய இடைவெளியைச் சிமென்டுக் குழம்பால் அடைத்தல் இன்றியமையாதது. இன்றேல் அவ்விடைவெளியே மாசு இறங்கும் வழியாகும்.

ஆசிரியர்கள், அடி நீக்கிய இரு புட்டிகளின் வாயைத் துணியாற் கட்டித் தலைகீழாக நிறுத்தி, ஒன்றில் மணலும் மற்றதில் பிசைந்த களிமண்ணும் இட்டு நீரூற்றினால், இவ்வேறுபாட்டை மாணவர் கண்கூடாகக் காண்பர்.