கால்வாய்ப் படகும் அதனைக் காக்கும் முறையும்

பொருளை ஓரூரினின்று மற்றோரூர்க்குக் கொண்டு செல்லுதற்கு நிலவழியும் நீர்வழியும் என இருவழிகள் தொன்றுதொட்டு வழங்கி வருகின்றன. இவற்றுள் நீர்வழி மெல்ல நடப்பது. ஆயினும் செலவிற் சிறியது. நல்ல சாலையில் ஒரு குதிரை ஏறக்குறைய 2 டன் பாரத்தையே இழுக்கும். அக்குதிரையையே கால்வாயின் அசைவற்ற நீரில் மிதக்கும் படகிற் பூட்டினால் 50 டன் வரை இழுக்கும் என்பது பொறிநூலார் கணக்கு. சக்கரத்தை மணலும் மேடும் தடுத்தல் போல நீர் படகைத் தடுப்பதில்லை. ஆனால் விரைவு மிகுமாயின் நீரின் தடையும் பன்மடங்கு மிகும். ஆதலின் கால்வாய்ப் படகிற்குப் பொறுமையே வலிமை எனலாம்.

கள்ளக்குறிச்சிப் பகுதி மாணாக்கர்க்கு இப்பொருள் அயலானதாகத் தோன்றக்கூடும். கல்வராயன் மலையிற் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும் மழைக்காலத்துப் பெருகிக் கோடையில் மணலாய்க் கிடப்பன. இறுதியில் வெள்ளாற்று நீரோடு கூடிப் பரங்கிப்பேட்டையருகே கடலை அடைவன. படகு செல்லுதற்கு ஆண்டு முழுதும் நிற்கும் நீரும் சமமான மட்டமும் வேண்டும். மலையடி ஆறுகளில் இவ்விரண்டும் இல்லாமையால் அங்கு வண்டியே பாரந் தாங்கிற்று. எனினும், கள்ளக்குறிச்சியை உட்கொண்டிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் கீழ்க்கோடியிலே, உப்பளங்கள் நிறைந்த மரக்காணத்தில், பக்கிங்காம் கால்வாய் என்னும் நெடிய நீர்வழி வந்து முடிகின்றது. அம்மாவட்டம் 1993இற் பிரிவுற்றது. கள்ளக்குறிச்சி 2019இல் தனிமாவட்டமாயிற்று. ஆகவே நம் பழைய மாவட்டத்தின் ஒரு கோடி மலை, மறு கோடி படகுத்துறை என்பதை மறத்தலாகாது.

1. கால்வாயின் வரலாறு

1806இல் பேசில் காக்ரேன் என்னும் ஐரோப்பிய வணிகர் சென்னையினின்று எண்ணூர் வரை இக்கால்வாயின் முதற்பகுதியை வெட்டுவித்தார். பின்னர் அது வடக்கே பழவேற்காட்டு ஏரி வரை நீண்டது. 1837இல் அரசாங்கம் அதனைத் தன்வசமாக்கிக்கொண்டு, கடற்கரையை அடுத்துள்ள உப்பங்கழிகளை ஒன்றோடொன்று இணைத்து வடக்கும் தெற்குமாக நீட்டிற்று. முடிவில் ஆந்திர நாட்டுப் பெத்தகஞ்சத்தினின்று மரக்காணம் வரை ஏறக்குறைய 420 கிலோமீட்டர் நீளமுடையதாயிற்று. சென்னைக்கும் மரக்காணத்திற்கும் இடைப்பட்ட தென்பகுதி மட்டும் சுமார் 110 கிலோமீட்டர் ஆகும்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தில் வேலையற்றுப் பசியால் வருந்திய மக்களைக் கொண்டே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அக்காலத்து ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் 1878இற் கால்வாய்க்கு இடப்பட்டது. கால்வாய் ஆளுநர் பெயரைத் தாங்கிற்று. மண்ணைச் சுமந்தோர் பெயரோ யார்க்கும் தெரியாது. அதே 1878இல், பாசனத்தில் வல்லவராகிய ஆர்தர் காட்டன் இங்கிலாந்தின் பாராளுமன்றக் குழுவின்முன் தோன்றி, இந்தியாவிற்கு இருப்புப்பாதையினும் நீர்வழியே ஏற்றதென வாதாடினார். அவர் சொல் பெரிதும் ஏற்கப்படவில்லை.

2. நீரேற்றும் வாயில்

கால்வாய் முழுதும் ஒரே மட்டத்தில் இருத்தல் அரிது. ஆறு குறுக்கிடும் இடங்களிற் கடலேற்றத்தாலும் வெள்ளத்தாலும் நீர்மட்டம் மாறும். இதற்கென அமைந்ததே ‘லாக்’ எனப்படும் அடைப்பு வாயில். இருபுறமும் கதவுகளையுடைய ஒரு கற்றொட்டி என அதனைக் கருதுக. தாழ்ந்த மட்டத்தினின்று வரும் படகு தொட்டியுட் புகுந்ததும் பின்கதவை அடைப்பர். பின் மேற்புறத்துச் சிறு மதகைத் திறப்பர். மேல்நீர் தொட்டியில் நிறைய நிறையப் படகும் தானே உயரும். இருபுறமும் மட்டம் ஒன்றானபின் முன்கதவு எளிதில் திறக்கும். அதற்குமுன் எத்தனை பேர் தள்ளினும் திறவாது. இரட்டைக் கதவுகள் மேல்நீரை நோக்கிக் கூம்பி நிற்குமாறு அமைந்திருத்தலின், நீரின் அழுத்தமே அவற்றை இறுக மூடுகின்றது. பகையாகிய பாரத்தையே காவலாக்கிக்கொண்ட நுட்பம் இஃதாகும்.

3. படகிழுத்தோர்

இக்கால்வாயில் உப்பு, விறகு, நெல், சுண்ணாம்புக் கிளிஞ்சல் முதலியன சென்றன. காற்று வாய்த்தபோது பாய் விரித்தனர். வாயாதபோது கழியூன்றித் தள்ளினர். அன்றேல் கரைமேல் நடந்து கயிற்றால் இழுத்தனர். இங்கிலாந்திற் குதிரை செய்த வேலையை இங்கு மனிதர் செய்தனர். பாரதிதாசன் இக்கால்வாய் வழியே மாமல்லபுரம் சென்றதைப் பாடிய ‘மாவலிபுரச் செலவு’ என்னும் பாட்டில், இன்பப் பயணத்தின் நடுவே படகிழுப்போர் படும் துயரையும் காட்டுகின்றார். நீர்வழி செலவிற் சிறியது என்று கணக்கிடுவோர், அச்செலவின் ஒரு பகுதியை யாருடைய தோள் செலுத்திற்று என்பதையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

4. மரப்படகைக் காத்தல்

மரப்படகிற்குப் பகைவர் நால்வர்: வெயில், மழைநீர், புழு, துரு.

வெயிலிற் கிடந்த பலகை சுருங்கி இடுக்கு விடும்; நீரில் இறங்கியதும் பருத்து இடுக்கை மூடும். ஆதலின் பலகைப் பொருத்துகளிற் பஞ்சும் நாரும் திணித்து அடைக்கும் கலப்பற்று வேலையை அளவறிந்து செய்தல் வேண்டும். உலர்ந்த மரத்தில் மிகையாகத் திணிப்பின், மரம் பருக்கும்போது பலகை வளையும், ஆணி பிடுங்கும். குறைவாகத் திணிப்பின் நீர் ஊறும். அடைத்தபின் குங்கிலியத்தை எண்ணெயிற் காய்ச்சிப் பூசுதல் பழைய வழக்கம்.

மழைநீர் உப்புநீரினும் கொடியது என்றால் வியப்பாயிருக்கலாம். மரத்தை மட்கச் செய்யும் பூஞ்சை உப்பில் எளிதில் வளராது. நல்ல நீரில் தழைக்கும். எனவே படகின் மேற்றட்டிலும் மூலைகளிலும் மழைநீர் தேங்கவிடலாகாது, காற்றோட்டமும் வேண்டும்.

உப்பங்கழியில் மரந்துளைக்கும் புழுவுண்டு. அது வெளியே ஊசித்துளையளவு வாயிட்டு உள்ளே விரலளவு குடைந்து செல்லும். மேலே பார்ப்போர்க்குப் பலகை முழுமையாகவே தோன்றும். நல்ல நீரில் அது பிழையாதாகையால், படகைச் சில வாரம் ஆற்றுநீரில் நிறுத்துதல் ஒரு மருந்து. கரையேற்றி, அடியிற் படிந்த கொட்டலசையும் பாசியையும் சுரண்டி, வைக்கோல் தீயால் வாட்டிப் பூச்சிடுதல் மற்றொன்று.

இரும்பாணி உப்புநீரில் துருவேறித் தான் தேய்வதோடு தன்னைச் சூழ்ந்த மரத்தையும் கெடுக்கும். செப்பாணி நெடுநாள் நிற்கும். இவையெல்லாவற்றினும் மேலாக, நாள்தோறும் படகின் அடியில் ஊறிய நீரை இறைக்கும்போது அதன் அளவை நோக்குக. நேற்றையினும் இன்று மிகுந்ததாயின், எங்கோ ஒரு பொருத்து நெகிழ்ந்தது என்பது வெள்ளிடைமலை. அன்றே தேடின் சிறிது பஞ்சு போதும். ஆண்டிறுதியிற் தேடின் ஒரு பலகை வேண்டும்.

5. இரும்புப் படகு

இங்கிலாந்தின் குறுகிய கால்வாய்களில் 7 அடி அகலமும் 72 அடி வரை நீளமும் உள்ள ஒடுங்கிய படகுகள் வழங்குகின்றன. பாரம் ஏற்றிய அவை இன்று பெரும்பாலும் எஃகினாற் செய்யப்பெற்று, எண்ணெய்ப் பொறியால் இயங்கி, உல்லாசப் பயணத்திற்கும் குடியிருப்பிற்கும் பயன்படுகின்றன. இரண்டு மூன்று ஆண்டுகட்கு ஒருமுறை அவற்றைக் கரையேற்றி அடியிற் கீல்பூச்சுப் பூசுவர். அடியில் மக்னீசியக் கட்டிகளையும் பொருத்துவர். எஃகினும் விரைவில் அரிபடும் இயல்புடைய அவ்வுலோகம் தான் கரைந்து எஃகைக் காக்கின்றது. உப்புநீராயின் துத்தநாகக் கட்டி ஏற்றது. வேதியியல் வகுப்பிற் கற்கும் மின்வேதிப் பாடம் இங்கே ஒரு படகின் ஆயுளை நீட்டிக்கின்றது.

எல். டி. சி. ரோல்ட் என்பார் 1939இல் இத்தகைய படகொன்றிற் பயணந் தொடங்கி, 1944இல் அதுபற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதன் பயனாக 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் ஒன்று தோன்றிற்று. அழிந்துகொண்டிருந்த கால்வாய்கள் பலவற்றைப் பொதுமக்களே விடுமுறை நாட்களில் மண்வெட்டி ஏந்திச் செப்பனிட்டனர்.

6. கால்வாயைக் காத்தல்

படகைக் காத்தல் மட்டும் போதாது. நீர்வழியையும் காத்தல் வேண்டும். தூர் அகற்றாத கால்வாயில் எத்துணைச் சிறந்த படகும் தரைதட்டும். பக்கிங்காம் கால்வாய் 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்களாற் சிதைந்தபின் முன்போல் மீளவில்லை. சென்னை நகரின் கழிவுநீர் அதிற் கலந்தது. 1990களில் பறக்கும் இரயிலின் தூண்கள் அதன் மடியிலேயே ஊன்றப்பட்டன. ஆயினும் 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, புறக்கணிக்கப்பட்ட அக்கால்வாயே பலவிடங்களில் அலையின் நீரைத் தன்னுள் வாங்கி அப்பாலுள்ள ஊர்கட்கு அதன் வேகத்தைத் தணித்தது. 2008இல் இந்நீர்வழி தேசிய நீர்வழி 4இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது. பெயர் சூட்டுதல் எளிது. தூர் வாருதலன்றோ அரிது!

நிற்க. கால்வாயிற் படியும் வண்டல் பெரும்பாலும் ஆறுகள் கொணர்ந்ததே. மலையில் மரம் அழியின் மண் நெகிழும். நெகிழ்ந்த மண் ஆற்றில் இறங்கும். ஆறு அதனை ஏரியிலும் அணையிலும் கழிமுகத்திலும் சேர்க்கும். ஆகவே கல்வராயன் மலைச்சாரலில் ஒரு மரத்தைக் காப்பவன், தான் என்றும் காணாத நீர்த்துறைக்கும் நன்மை செய்கின்றான். படகாயினும் கால்வாயாயினும் மலையாயினும் கட்டளை ஒன்றே: ஆக்குதல் ஒருநாள் வேலை; காத்தல் நாள்தோறும் வேலை. இளைஞர் இப்பின்னதையும் கல்வியின் ஒரு கூறாகக் கொள்வாராயின், நம் நாட்டில் தூர்ந்து கிடக்கும் நீர்நிலை பலவும் மீண்டும் நிறையும் என்பது திண்ணம்.