சைக்கிளின் வேகமானியும் அதன் அளவுத் திருத்தமும்

சைக்கிள் ஏறுவோர் பலர் தம் வண்டியில் வேகமானி ஒன்றைப் பூட்டிக்கொண்டு, அது காட்டும் எண்ணைச் சிறிதும் ஐயுறாது நம்புகின்றனர். அவ்வெண் எங்கிருந்து பிறக்கின்றது என்று வினவுவார் சிலரே. உண்மையில், வேகமானி வழியை அளப்பதன்று. சக்கரம் எத்தனை முறை சுற்றிற்று, ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் சென்றது என்னும் இரண்டனையுமே அஃது அறியும். ஒரு சுற்றுக்கு வண்டி எவ்வளவு தூரம் முன்னேறுகின்றது என்பதை நாமே அதற்குச் சொல்லி வைக்கின்றோம். நாம் சொன்னது பிழையாயின் அது காட்டுவதும் பிழையே. ஆதலின் அவ்வொரு நீளத்தைச் செவ்வையாக அறியும் வகையினையே ஈண்டு யாம் சிறப்பாக ஆராயப் புகுகின்றோம்.

சக்கரத்தின் சுற்றை எண்ணித் தூரம் அறிதல் மிகப் பழைய முறையாகும். உரோமச் சிற்ப நூலாசிரியராகிய விட்ரூவியசு என்பார், தேர்ச்சக்கரம் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டரை அடி செல்லுமாறு அமைத்து, நானூறு சுற்று முடிந்தவுடன், அஃதாவது 5000 அடி கொண்ட ஓர் உரோம மைல் கடந்தவுடன், சிறு கல் ஒன்று வெண்கலக் கலத்தில் விழும்படியான பொறியொன்றை விரித்துரைத்துள்ளார். சைக்கிளுக்கென அமெரிக்கராகிய வீடர் என்பவர் 1895ஆம் ஆண்டில் சுற்றெண்ணும் சிறு கருவியொன்றைச் செய்தார். 1902இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்து ஓட்டோ ஷூல்ட்சே என்பார், சுழலும் காந்தம் ஓர் உலோகக் கிண்ணத்தை இழுக்கும் விசையால் முள்ளை நகர்த்தும் வேகமானியை அமைத்தார். முன்சக்கரத்து அச்சில் பற்சக்கரப் பெட்டி பூட்டி, முறுக்குக் கம்பி வழியாக முள்ளை ஆட்டிய பழைய சைக்கிள் வேகமானிகள் இவ்வகையினவே. அவை ஒரு குறித்த அளவுச் சக்கரத்திற்கென்றே செய்யப்பட்டவை. வேறளவு சக்கரத்தில் பூட்டினால் அவை பொய்யே கூறும். அதனைத் திருத்த வழியுமில்லை. இக்காலத்து மின்கருவிகளில் திருத்தம் நம் கையில் விடப்பட்டிருக்கின்றது. இது பெரிய நன்மை. ஆனால் செய்யாது விடுவார்க்கு நன்மையன்று.

இனிப் பூட்டும் முறை. சக்கரத்தின் ஆரக்கம்பி ஒன்றில் சிறு காந்தம் ஒன்று திருகப்படும். அதற்கு நேராக, சக்கரத்தைத் தாங்கும் முன்கவையில் உணர்கருவி கட்டப்படும். பெரும்பாலான உணர்கருவிகளுள், கண்ணாடிக் குழாயில் அடைபட்ட இரண்டு மெல்லிய உலோக நாக்குகள் உள. காந்தம் அணுகுங்கால் அவை ஒன்றையொன்று தொட்டு மின்சாரத்தை ஓடவிடும், அகன்றவுடன் பிரியும். ஒரு தொடுகை ஒரு சுற்றாம். காந்தத்தை ரிம்முக்கு அருகில் வைத்தால் வேகம் மிகுதியாகவும், அச்சுக்கு அருகில் வைத்தால் குறைவாகவும் காட்டும் என்று மாணவர் சிலர் கருதுவதுண்டு. அது தவறு. எங்கே வைப்பினும் ஒரு சுற்றுக்கு ஒரு முறையே அது கடந்து செல்லும். எனினும் ஆரக்கம்பிகள் அச்சினை நோக்கி வர வரப் புறம்நோக்கி விரிவதால், கீழே வைத்தால் காந்தத்திற்கும் உணர்கருவிக்கும் உள்ள இடைவெளி குறுகும். அவ்விடைவெளி சில மில்லிமீட்டருக்கு மிகுமாயின் சில சுற்றுக்கள் எண்ணப்படாமற் போகும். முன்சக்கரத்தைத் தூக்கிக் கையாற் சுழற்றிப் பார்த்தல் நன்று. எண் தாவித் தாவி இறங்கிப் பின் ஏறுமாயின், காந்தத்தை நெருக்கிக் கட்டுக.

கருவியினுள் உள்ள கடிகாரத்தைப் பற்றிக் கவலை வேண்டா. கைக்கடிகாரத்தில் உள்ளது போன்ற பளிங்குத் துண்டே அதனையும் நடத்துவது. மாதத்திற்குச் சில விநாடியே அது பிழைபடும். எனவே பிழை நேருமிடம் நீளம் ஒன்றே.

அந்நீளத்தைக் கணக்கிட்டே அறியலாகாதோ எனின், ஓரளவு அறியலாம். நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கும் 28 அங்குல வண்டியை எடுத்துக்கொள்வோம். டயர் அமரும் இடத்தில் அதன் ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டர். டயரின் தடிப்பு ஏறக்குறைய 40 மில்லிமீட்டர். இருபுறமும் கூட்ட விட்டம் 715 ஆகும், சுற்றளவு 2246. ஆயின் ஆள் ஏறியவுடன் டயர் அழுந்துகின்றது. வண்டி ஒரு சுற்றுக்குச் செல்லும் தூரம் அதனினும் குறைகின்றது. எவ்வளவு குறையும் என்பது ஓட்டுவோர் எடையையும், டயரிலுள்ள காற்றையும், அதன் தேய்வையும் பொறுத்தது. ஆள் அமர்ந்திருக்கும்போது அச்சின் உயரத்தை அளந்து, அதனை ஆரமாகக் கொண்டு பெருக்கலாமே என்பாரும் உளர். அதுவும் பொருந்தாது. டயர் நிலத்தைத் தொடுமிடத்தில் தட்டையாகின்றதேயன்றி, அதன் மேற்பட்டை அவ்வளவுக்குச் சுருங்கிவிடுவதில்லை. ஆதலின் இக்கணக்கு மெய்யளவிற் குறைந்தே வரும். நிலத்தில் உருட்டி அளத்தலே நேரிய வழி.

அதற்கு வேண்டுவன சமமான சிமெண்டுத் தரை, சுண்ணக்கட்டி, எஃகு அளவு நாடா, உதவிக்கு ஒரு நண்பர், இவ்வளவே. முதலில் வழக்கம்போல் காற்றடித்துக்கொள்க. முன்சக்கரத்து வால்வு நேர் கீழே நிற்கும்படி நிறுத்தி, அதற்கு நேரே தரையில் கோடிடுக. பின்னர் வண்டியில் ஏறி, நாடோறும் அமர்வதுபோல் அமர்ந்து, நண்பர் பின்னிருந்து தாங்கி மெல்லத் தள்ள, ஐந்து சுற்று நேராகச் செல்க. ஹாண்டில் ஆடலாகாது, முன்சக்கரம் வளைந்து வளைந்து சென்றால், அளந்த கோட்டினும் நீண்ட வழியில் அஃது உருண்டதாகும். ஐந்தாம் சுற்றில் வால்வு மீண்டும் நேர் கீழே வருமிடத்தில் மறுகோடு இடுக. இரண்டு கோட்டிற்கும் இடையே 11 மீட்டர் 12 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். அதனை ஐந்தால் வகுக்க ஒரு சுற்று 2 மீட்டர் 224 மில்லிமீட்டர். 2224 என்பதே கருவியில் இடவேண்டிய எண். இதனை இருமுறையேனும் செய்து ஒப்பிடுதல் முறை.

இவ்வண்டியில், பந்தய வண்டியின் மெல்லிய டயருக்குரிய 2096 என்னும் எண்ணை மாற்றாமலே விட்டுவிட்டதாகக் கருதுவோம். அப்போது 50 கிலோமீட்டர் சென்றவர் 47.1 கிலோமீட்டரே சென்றதாகக் காண்பார். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 18.8 என்று காட்டும். ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் உழைப்பு கணக்கில் வாராமற் போயிற்று.

தெரிந்த தூரத்தை ஓட்டிப் பார்த்துத் திருத்துதல் மற்றொரு முறை. இட்டிருக்கும் எண்ணை உண்மைத் தூரத்தாற் பெருக்கிக் கருவி காட்டிய தூரத்தால் வகுக்கப் புதிய எண் கிடைக்கும். கணக்கு எளிது, தூரம் கிடைப்பதே அரிது. கல்லூரி மைதானத்து ஓட்டப் பாதை 400 மீட்டர் என்பர். ஆனால் அவ்வளவு, உள்வரம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளந்தது. வரம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிச் சுற்றுவோமாயின் ஒவ்வொரு சுற்றுக்கும் 4.4 மீட்டர் மிகும். அது நூற்றுக்கு ஒன்றினும் மேல். அன்றியும் பல கருவிகள் தூரத்தைப் பத்துப் பத்து மீட்டராகவே காட்டுவன. 400 மீட்டரில் பத்து மீட்டர் ஐயம் நூற்றுக்கு இரண்டரையாகும். நாடாவாலளந்த 11 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் தவறினாலோ, பிழை ஆயிரத்திற்கு ஒன்றுகூட இல்லை. குறுந்தூரத்தைக் கூர்ந்தளத்தல், நெடுந்தூரத்தைப் பொதுப்பட அளத்தலினும் சிறந்ததாதல் காண்க. வான்கோள்களைக் கொண்டு இடமறியும் கைக்கருவியோடு ஒப்பிடுவோர், மரமடர்ந்த தெருவும் வளைவு மிகுந்த வழியும் விட்டு, நேரான திறந்த சாலையையே தேர்ந்துகொள்க.

இத்துணை நுணுக்கம் எற்றுக்கு எனச் சிலர் நகைக்கக்கூடும். நெடுந்தூர ஓட்டப் பந்தயங்களின் வழிகள் யாவும் இச்சைக்கிள் சக்கரத்தாலேயே அளக்கப்படுகின்றன என்பதை அவர் அறியார் போலும். 1961இல் இங்கிலாந்தில் ஜான் ஜூயெல் என்பார் இம்முறையை ஆராய்ந்து வெளியிட்டார். 1971இல் அமெரிக்காவில் ஆலன் ஜோன்ஸ் என்பாரும் அவர் மகனும், சக்கரத்தின் ஒரு சுற்றையும் பல கூறாக எண்ணும் கருவியொன்றைச் செய்தனர். அளப்போர், எஃகு நாடாவால் அளந்த நேர்வழியில் முதலில் நான்கு முறை ஓட்டி எண்ணிக்கை காண்பர். பந்தய வழியை அளந்த பின்னரும் அங்ஙனமே நான்கு முறை ஓட்டுவர். காலைக் குளிரில் தொடங்கி வெயிலில் முடிக்குங்கால், டயரினுட் காற்றுச் சூடேறி விரிந்து சக்கரம் சிறிது பெருத்துவிடுமன்றோ! அதன்மேலும், வழி குறைந்துவிடாதிருக்க ஆயிரத்திற்கு ஒரு மீட்டர் கூட்டி வைப்பர். மாரத்தான் ஓட்டமாகிய 42.195 கிலோமீட்டருக்கு இது 42 மீட்டர்.

1981ஆம் ஆண்டு நியூயார்க் மாரத்தானில் ஆல்பர்ட்டோ சலசார் என்னும் வீரர் 2 மணி 8 நிமிடம் 13 விநாடியில் ஓடி முடித்தார். 1969 முதல் நின்ற டெரக் கிளேட்டனின் நேரத்தை ஏறக்குறைய 20 விநாடியால் வென்றார் என உலகம் கொண்டாடிற்று. பின்னர் அவ்வழியை மீண்டும் அளந்தபோது, அது சுமார் 148 மீட்டர் குறைவென்று தெரிந்தது. அவர் ஓடிய வேகத்தில் அத்தூரத்திற்கு 27 விநாடி வேண்டும். பெற்ற புகழ் மீள எடுக்கப்பட்டது. குறைவுக்குக் காரணம் எதுவாயினும், அதன் அளவைக் கருதுக: நூற்றுக்கு மூன்றில் ஒரு பங்கே. நாம் மேலே கண்ட 2224 மில்லிமீட்டர்ச் சக்கரத்தில் அது 8 மில்லிமீட்டர்கூட ஆகாது.

நாடோறும் கல்லூரிக்கு வண்டியேறி வருவார்க்கு இவ்வளவு கூர்மை வேண்டா என்பதை யாமும் ஒப்புகின்றோம். அவர்க்கு நூற்றுக்கு அரைப் பங்குப் பிழை பெரிதன்று. அதற்கு ஒருமுறை உருட்டியளத்தலே போதும். ஆனால் புதிய டயர் மாற்றினால் மீண்டும் அளக்க. கண்டறிந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கருவியின் தாங்கிக்கு அடியில் ஒட்டி வைத்தலும் நன்று. சில கருவிகளில் பாட்டரியை எடுத்தவுடன் அவ்வெண் அழிந்து, பழைய எண்ணே மீண்டும் வந்து அமரும்.