தானே நடக்கும் போக்கிமான்

கேள்வி: 2005-இல் வந்த ‘போக்கிமான் மிஸ்டரி டஞ்சன்’ வீடியோ ஆட்டம் 2020-இல் ஸ்விட்ச் விளையாட்டுக் கருவிக்குப் புது வடிவில் வந்ததே, பழைய ஆட்டக்காரர்கள் ஏன் முணுமுணுக்கிறார்கள்?

பதில்: படத்தைப் பற்றி யாருக்கும் குறையில்லை; நீர்வண்ணத்தில் வரைந்த சிறுவர் கதைப் புத்தகம்போலக் கண்ணை இழுக்கிறது. கதையும் பழையதேதான். வம்பு எல் பொத்தானில்! அழுத்தினால் போக்கிமான் தானே நடந்து, கீழே கிடப்பதைப் பொறுக்கி, படிக்கட்டைத் தேடிப் போய்விடும். எதிரி வந்தால்தான் நமக்கு வேலை. அங்கும் ஏ பொத்தானைத் தட்டினால், எந்தத் தாக்குதல் என்பதை ஆட்டமே தேர்ந்தெடுக்கும். ஒவ்வொரு முறையும் உருமாறும் நிலவறையில், பசியோடு அடி அடியாக யோசித்து நகர்வதுதானே இவ்வகை ஆட்டத்தின் ருசி? வேலைக்குப் போய்க் களைத்தவர்களோ, தானே நடப்பதையே வரம் என்கிறார்கள். நான் முணுமுணுப்பவர்கள் கட்சி. ஆனாலும் இரவு பதினொரு மணிக்கு மேல் எல் பொத்தானைத்தான் அழுத்துகிறேன்.