பத்துப் பேர், ஒரு கணவாய், ஆறு சுற்று

சதுரங்கத்தில் 64 கட்டமும் ஒரே மாதிரி. யானை எங்கே நின்றாலும் யானைதான். ஆனா அதே யானை சேற்றில் கால் புதைந்து நின்றால் நரியே கொன்றுவிடும் என்கிறது திருக்குறளின் இடனறிதல் அதிகாரம். டேபிள்டாப் வார்கேம் செஸ்ஸை விட்டுப் பிரிவதும் இங்கேதான். மலை, ஆறு, காடு எல்லாம் மேஜை மேலேயே வந்துடும். அதை வச்சு என்ன பண்றதுங்கிறதுதான் பாடம்.

சீனத்து சன் சூ எழுதிய 'போர்க்கலை'யின் 10ஆம் அத்தியாயம் நிலத்தை ஆறு வகையாப் பிரிக்குது. அதுல ஒண்ணு குறுகலான வழி. நீங்க முந்திப் போனா அடைச்சு நில்லுங்க, எதிரி முந்தி வந்து முழுசா அடைச்சுட்டா அந்தப் பக்கம் போகாதீங்க என்பது அவர் அறிவுரை. ஏன்னு பகடையை வச்சே கணக்குப் போடலாம்.

உங்ககிட்ட 10 வீரர்கள், எதிரிகிட்ட 20. ஒரு வீரருக்கு ஒரு பகடை. 5 அல்லது 6 விழுந்தா எதிரில் ஒருத்தர் அவுட். திறந்தவெளியில் 20 பேரும் உங்களை வளைச்சு அடிக்கலாம். முதல் சுற்றிலேயே சராசரியா ஆறேழு பேர் காலி. இரண்டாவது சுற்றோட உங்க கதை முடிஞ்சுது. எதிரிக்கு நஷ்டம் நாலஞ்சு பேர்தான்.

இப்போ ஐந்து பேர் மட்டுமே தோளோடு தோள் நிற்கக்கூடிய கணவாய்க்குள் போங்க. ரெண்டு பக்கமும் ஐந்து ஐந்து பகடை. மீதி 15 பேர் பின்னாடி கியூவில் நிக்கணும். உங்க பத்துப் பேரும் விழ ஆறு சுற்று ஆகும், அதுக்குள்ள எதிரியிலும் சுமார் எட்டுப் பேர் போயிருப்பாங்க. (1916இல் இந்த வித்தியாசத்தைச் சமன்பாடாகவே எழுதிய லான்செஸ்டர், கார் தயாரித்த இங்கிலாந்து இன்ஜினியர். நம்ம ஆளு!)

கவனிச்சீங்களா? கணவாயிலும் நீங்கதான் தோற்கறீங்க. அது தர்றது வெற்றி இல்ல, நேரம். ஐந்து சுற்றில் முடியற ஆட்டம்னா அந்த நேரமே வெற்றி. பத்து சுற்று ஆட்டம்னா, வாங்கின நேரத்தில் வேற படை எதையாவது சாதிக்கணும், இல்லைன்னா வீண்.

கி.மு. 480இல் தெர்மோபிலே கணவாயில் சில ஆயிரம் கிரேக்கர்கள் பாரசீகப் பெரும்படையை நிறுத்தி வச்சது இப்படித்தான். மூன்றாம் நாள் எதிரி மலைப்பாதை வழியா பின்னால் வந்துட்டான். அந்தப் பாதையிலும் காவல் இருந்தது: 1000 போக்கிய வீரர்கள். பாரசீகர்களைக் கண்டதும் அவங்க உச்சிக்கு ஏறி நின்னுட்டாங்க. எதிரியோ அவங்களைக் கண்டுக்காம பாதையிலேயே கடந்து போயிட்டான். புது ஆட்டக்காரர்கள் குன்று தெரிஞ்சாலே ஓடிப்போய் ஏறுவாங்க. அங்கிருந்து பாதையை அடைக்க முடியுதா, அம்பாவது எட்டுதான்னு பாருங்க. ரெண்டும் இல்லைன்னா அந்த யூனிட் வேடிக்கைதான் பார்க்கும்.

மேஜையில் சுலபமா வராதது ஒண்ணு உண்டு, ஒளிஞ்சிருக்கறது. கி.மு. 217இல் டிராசிமீன் ஏரிக்கும் குன்றுகளுக்கும் நடுவே மூடுபனியில் ரோமப் படை நடந்து போச்சு. குன்றில் பதுங்கியிருந்த ஹானிபலின் படை பாய்ந்தது. சுமார் 15,000 ரோமர்கள் இறந்தாங்க, தளபதி பிளமீனியஸும் தப்பலை. இதையே மேஜையில் வச்சா, பிளமீனியஸா ஆடுறவர் மேலிருந்து எல்லாத்தையும் பார்த்துட்டுத் திரும்பிப் போயிடுவார்!

1824இல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட கிரீக்ஸ்பீல் விதிகளில் இதுக்கு வழி இருக்கு. 1:8000 அளவு வரைபடம், நடுவில் ஒரு நடுவர். ஆட்டக்காரர்கள் கட்டளையை எழுதிக் கொடுப்பாங்க. யாருக்கு எது கண்ணில் படுமோ அதை மட்டும்தான் நடுவர் காட்டுவார்.

ஹாஸ்டலில் இதைச் செய்ய செலவே இல்லை. ஒரே மேப் ரெண்டு பிரிண்ட், நடுவில் மறைப்பா ஒரு அட்டைப்பெட்டி, மூணாவதா ஒரு நண்பர். முகத்தில் எதையும் காட்டிக்காத ஆளா பார்த்துப் போடுங்க. நடுவர் லேசா சிரிச்சாலே ஹானிபல் மாட்டிக்குவார்.