அம்மா 80 வைத்தார், நான் தப்பாகச் சொன்னேன்
(அறிவியல் பகுதி: தெர்மோஸ்டாட் வேலை செய்யும் விதம்)



இந்த வாரம் நான் எழுத எடுத்துக்கொண்டது தெர்மோஸ்டாட். அதாவது, வெப்பநிலையை நாம் சொன்ன அளவில் நிறுத்தி வைக்கும் கருவி. "வீட்டைச் சூடு பண்றதெல்லாம் குளிர் நாட்டுக் கதை, நமக்கு எதுக்கு?" என்று கேட்காதீர்கள். இதில் நான் ஒரு தப்பு செய்தேன். அந்தத் தப்பிலிருந்துதான் இந்தப் பாடம்.

என் அக்கா அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் இருக்கிறாள். அவளுடைய பிரசவத்துக்காக அம்மா ஜனவரி மாதம் அங்கே போயிருந்தார். ஒருநாள் போனில், "வெளிய 25 டிகிரி காட்டுதுடி. நம்ம கணக்குல மைனஸ் நாலாம். பச்சப் புள்ளய வெச்சுக்கிட்டு என்ன பண்றது? சீக்கிரம் சூடாகட்டும்னு சுவத்துல இருக்கற பெட்டில 80 வெச்சுட்டேன்" என்றார். (அங்கே ஃபாரன்ஹீட் கணக்கு. 70 என்றால் நமக்கு 21, 80 என்றால் ஏறக்குறைய 27 டிகிரி செல்சியஸ்.)

நான் உடனே என் அறிவைக் காட்டினேன். "அம்மா, 80 வெச்சாலும் 70 வெச்சாலும் ஒரே வேகத்துலதான் சூடாகும். வெச்சுட்டுப் போங்க, ஒண்ணும் ஆகாது!"

மாதக் கடைசியில் கரண்ட் பில் வந்ததும் மாமா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாராம். நான் சொன்னது எங்கே தப்பு? பார்ப்போம்.

1. அயர்ன் பாக்ஸ் சொல்லும் பாடம்

நம் வீட்டு அயர்ன் பாக்ஸில் ஈருலோகப் பட்டை இருக்கிறது. இரண்டு உலோகங்களை ஒன்றாக ஒட்டிய தகடு அது. சூடானால் ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் விரிவதால் பட்டை வளையும். வளைந்ததும் மின் இணைப்பு விடுபடும், 'டக்' என்று விளக்கு அணையும். ஆறியதும் பட்டை நிமிர்ந்து மறுபடி இணைப்பு கொடுக்கும்.

திருகை 'காட்டன்' என்று வைத்தாலும் 'சில்க்' என்று வைத்தாலும் உள்ளே இருக்கும் கம்பி ஒரே வேகத்தில்தான் சூடாகிறது. எப்போது நிற்க வேண்டும் என்பது மட்டும்தான் மாறும். நான் அம்மாவிடம் சொன்னது இந்தக் கணக்கைத்தான். அயர்ன் பாக்ஸுக்கு அது சரி.

உங்களுக்குத் தெரியுமா? அறைக்கான மின்சாரத் தெர்மோஸ்டாட்டுக்கு 1883-இல் காப்புரிமை பெற்ற வாரன் ஜான்சன் ஓர் ஆசிரியர்! அமெரிக்காவின் ஒயிட்வாட்டர் ஊரில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்தியவர். சூடு போதுமா என்று பார்க்கப் பணியாளர் வகுப்புக்குள் வந்து வந்து போனதால் பாடம் தடைபட்டது. அந்தத் தொந்தரவுக்கு வழி தேடித்தான் அவர் இதைச் செய்தார்.

2. திருப்பி வைத்த ஃபிரிட்ஜ்

அக்கா வீட்டில் இருப்பது வெப்ப பம்பு. ஃபிரிட்ஜின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுவதால் வரும் சூடு அது. வெப்ப பம்பு, வெளியே இருக்கும் காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டுக்குள் தள்ளுகிறது.

மைனஸ் நாலு டிகிரியில் ஏது வெப்பம் என்று நானும் கேட்டேன். அதைவிடக் குளிர்ச்சியான திரவத்தைக் குழாயில் ஓடவிட்டால், அந்தக் காற்றிலிருந்தும் வெப்பம் திரவத்துக்குள் போகும் அல்லவா? இதனால் மிதமான குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2 முதல் 3 யூனிட் வரை வெப்பம் கிடைக்கிறது. வெளியே குளிர் ஏற ஏற இந்த லாபம் குறையும்.

அதனால் துணைக்கு இரண்டாவதாக ஒன்று வைத்திருக்கிறார்கள். அது சூடேற்றும் மின்கம்பிச் சுருள். நாம் வாளித் தண்ணீரில் போடும் ஹீட்டர் ராடு மாதிரிதான். இதில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரே ஒரு யூனிட் வெப்பம்தான்.

முதல் கட்டம் வெப்ப பம்பு. இரண்டாம் கட்டம் சுருள். இப்படிப் பல கட்டமாக வேலை செய்வதைத்தான் பலகட்ட வெப்பமூட்டல் என்கிறோம்.

3. எந்தக் கட்டம் என்று யார் முடிவு செய்வது?

சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்தான். அது தானாகச் சூடு தருவதில்லை, 24 வோல்ட் கம்பிகள் வழியாக ஆணை மட்டும் கொடுக்கும். வழக்கமாக மஞ்சள் கம்பி வெப்ப பம்புக்கு, வெள்ளைக் கம்பி சுருளுக்கு, பச்சைக் கம்பி காற்றாடிக்கு.

நம் பள்ளி மதிய உணவு வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் ஓர் அக்கா மட்டும் பரிமாறுவார். வரிசை வாசலைத் தாண்டி நீண்டாலோ, ரொம்ப நேரமாக நகராமல் நின்றாலோ இரண்டாவது அக்கா கரண்டியோடு வருவார். தெர்மோஸ்டாட்டும் இந்த இரண்டைத்தான் பார்க்கிறது.

அ) இடைவெளி: அறையின் வெப்பநிலை நாம் வைத்த அளவைவிட ஒரு டிகிரி போலக் குறைந்தால் முதல் கட்டம் மட்டும். இரண்டு மூன்று டிகிரி குறைந்தால் இரண்டாம் கட்டமும் சேரும்.

ஆ) நேரம்: முதல் கட்டம் குறிப்பிட்ட நேரம் ஓடியும் அறை சூடாகவில்லை என்றால் இரண்டாம் கட்டம் வரும்.

4. என் தப்பு

அறை 68-இல் இருந்தது. அம்மா 80 வைத்தார். இடைவெளி 12 டிகிரி! தெர்மோஸ்டாட் உடனே சுருளையும் கூப்பிட்டுவிட்டது. அம்மா நினைத்தபடி வீடு சீக்கிரம்தான் சூடானது. ஒரே கட்டம் உள்ள கருவிக்குச் சொல்ல வேண்டியதை நான் இரண்டு கட்டம் உள்ள கருவிக்குச் சொல்லிவிட்டேன். பம்பு கொஞ்சம் நிதானமாகக் குறைந்த செலவில் செய்திருக்க வேண்டிய வேலையைச் சுருள் இரண்டு மூன்று மடங்கு மின்சாரத்தில் செய்தது. அதுவும் 80 வரை.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு, இதையெல்லாம் விளக்கினேன். பிறகு 70-இல் வைத்து அதைத் தொடாமல் விட்டார்கள். அம்மா ஸ்வெட்டரும் சாக்ஸும் போட்டுக்கொண்டார். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. தெர்மோஸ்டாட் திரையில் 'ஆக்ஸ்' என்று எழுத்து வந்தால் சுருள் ஓடுகிறது என்று அர்த்தம். அதையும் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

5. அம்மா கண்டுபிடித்தது

பிப்ரவரியில் ஒருநாள் அம்மாவே கூப்பிட்டார். "குளிர் அவ்வளவா இல்ல. 70-தான் வெச்சிருக்கு. ஆனா காலைலேர்ந்து அந்த ஆக்ஸ் அணையவே இல்லடி. வெளிய இருக்கற பெரிய ஃபேனும் சுத்தல."

வெளிப்பெட்டியில் படியும் பனியை உருக்கும்போது சில நிமிடம் ஃபேன் நின்று சுருள் ஓடுவது இயல்புதான். மணிக்கணக்கில் ஓடினால் கோளாறு. மெக்கானிக் வந்து பார்த்தார். கெப்பாசிட்டர் போயிருந்தது. நம் சீலிங் ஃபேனில் போவதுதான்! மாற்றியதும் பம்பு ஓடியது.

வீடு கதகதப்பாகவே இருந்ததால் அக்காவுக்கும் மாமாவுக்கும் சந்தேகமே வரவில்லை. முதல் கட்டம் செத்துப்போனதை இரண்டாம் கட்டம் மூடி மறைத்துவிட்டது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் அம்மா கவனிக்காவிட்டால் அடுத்த பில் வரும்வரை யாருக்கும் தெரிந்திருக்காது.

நினைவில் கொள்க

* இடைவெளியும் நேரமும்தான் அடுத்த கட்டத்தைக் கூப்பிடும்.
* தெர்மோஸ்டாட்டை ஒரே தாவாக ஏற்றினால் செலவு அதிகமான கட்டம் ஓடும்.
* துணைக் கட்டம் ஓயாமல் ஓடினால் முதல் கட்டத்தைப் போய்ப் பாருங்கள்.

சிந்திக்க ஒரு கேள்வி: இரவில் 60 வைத்துவிட்டு, காலையில் ஒரேயடியாக 70 வைத்தால் வெப்ப பம்பு வீட்டில் என்ன நடக்கும்? விடையை எழுதிப் பலகைக்குக் கீழே உள்ள பெட்டியில் போடுங்கள்.



இப்படிக்கு,
பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி